மலை சுற்றிய எட்டு வெள்ளைக்காரர்கள்

என்னைத் தோற்கடித்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் வெள்ளைக்காரர்கள், எட்டுப் பேரும் எப்போதோ செத்துப்போனவர்கள். அவர்களில் ஒருத்தராவது கீழ்பென்னாத்தூர் பக்கம் எட்டிப் பார்த்திருப்பாரா? மாட்டார். அப்புறம் அவர்களுக்கும் எனக்கும் என்ன தகராறு என்று கேட்பீர்கள். ஒரு தகராறும் இல்லை. நான் பி.எட். படித்தேன், அவ்வளவுதான்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். எம்.ஏ. இருந்தது, பி.எட். இல்லை. ரொம்ப வருஷம் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒருநாள் கரஸ்பாண்டன்ட் கண்ணை உறுத்தியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கான பி.எட்.டில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு திருவண்ணாமலையில் வகுப்பு. எல்லாத் தாளும் தேறினேன், ஒன்றைத் தவிர. வருங்கால ஆசிரியர்களுக்கு நவீன தத்துவத்தின் வரலாறு. அதிலும் எழுத்துத் தேர்வில் தப்பித்து, வாய்மொழித் தேர்வில் போய் விழுந்தேன்.

விழுந்தது சாதாரண விழுகை இல்லை. "யாருக்கு அப்புறம் யாரு, வரிசையா சொல்லுங்க" என்றார்கள். எனக்கு எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பஸ்ஸில் ஏற வந்ததுபோல ஆகிவிட்டது. கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்த ஹாலந்துக்காரரின் வில்லையைப் பிடுங்கி ஒரு ஜெர்மன்காரர் கையில் கொடுத்தேன். பிரெஞ்சுக்காரரை ஸ்காட்லாந்துக்காரருக்கு மாணவராக்கினேன். பிரெஞ்சுக்காரர் செத்து ரொம்ப நாள் கழித்துத்தான் ஸ்காட்லாந்துக்காரர் பிறந்தார் என்பது வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

இவர்களுடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. தேர்வில் சொன்னேன், போதும். நாங்கள் படிக்கும்போதே ஊரை வைத்துத்தான் கூப்பிட்டோம். ஜெர்மன்காரர்கள் இரண்டு பேர் இருந்ததால் ஒருத்தர் நடக்கிற ஜெர்மன்காரர், வாக்கியத்தைப் பக்கக்கணக்கில் இழுத்தவர் நீட்டுகிற ஜெர்மன்காரர். பிரெஞ்சுக்காரரும் இரண்டு பேர்: சந்தேகக்காரர் ஒருத்தர், இன்னொருத்தரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

கரஸ்பாண்டன்ட் நல்ல மனுஷன். கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார்.

"டீச்சர், இன்னொரு தடவ பாருங்க. அதுலயும் போச்சுன்னா ஜூன்ல எட்டாம் கிளாஸ வேற ஆளுக்குக் குடுத்துடறேன். உங்கள வெளிய அனுப்பிடுவேன்னு பயப்படாதீங்க. பீஸ் கவுண்டர்ல உக்காந்துக்குங்க, ஃபேன் இருக்குது."

ஃபேன் இருக்கிறதாம்! எட்டாம் வகுப்பு என் வகுப்பு. அந்தப் பிள்ளைகளின் கத்தலும் சுண்ணாம்புத் தூளும் இல்லாமல், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து ரசீது கிழிப்பதற்கு எங்கள் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகலாம். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்குப் படிப்பு ஏறும்.

கோபப்பட ஆளும் இருந்தார். எங்களுக்குத் தத்துவம் எடுத்த விரிவுரையாளர். பாடம் நடத்துகிறேன் என்று நோட்ஸ் சொல்லுவார், நாங்கள் எழுத வேண்டும். சந்தேகக்கார பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, பெரியவர்கள் சொன்னதை, எதையுமே நம்பாமல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர். கடைசியில், சந்தேகப்படுவதற்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டுமே என்று அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்துச் சொன்னார். நான் எழுந்தேன்.

"சார், எல்லாத்தையும் சந்தேகப்படணும்னா இந்த நோட்ஸையும் சந்தேகப்படணுமா சார்?"

"உக்காரும்மா. போர்ஷன் முடியல."

அடுத்த வாரம் வேறொரு கேள்வி, அதே "உக்காரும்மா". அதற்கடுத்த வாரமும். யாராவது நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டாலே அவர் வாய் தானாக "உக்காரும்மா" என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்களே, அப்படி, உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் கேள்வி கேட்கச் சொல்லியும் இவர் விடவில்லை.

பூசாரி என்றதும் என் தோழியைச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலைப் பெரிய கோயிலில் பூஜை செய்கிற குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள், என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். அவளும் அதே வாய்மொழித் தேர்வில் என்னோடு விழுந்தவள். நான் உளறி விழுந்தேன், அவள் வாயே திறக்காமல் விழுந்தாள். அவள் வீட்டில் படிக்காதே என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் புத்தகத்தைத் திறந்தால் யாராவது ஒருத்தருக்குக் காபி வேண்டியிருக்கும். என் வீட்டில் காபி இல்லை, மாடு, பிள்ளைகள், டிவி.

"அக்கா, எங்காத்துல ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும்தான் ஏன் எதுக்குன்னு கேக்கமாட்டா" என்றாள். "மலை சுத்தப் போறேன்னு சொன்னா வாசல் வரைக்கும் வந்து அனுப்புவா."

அப்படித்தான் கிரிவலப் பாதை எங்களுக்குப் படிக்கிற இடமானது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் முதல் பஸ்ஸில் நான் வந்து இறங்குவேன், அவள் கோயில் வாசலில் நிற்பாள், வகுப்புக்கு முன்னால் ஒரு சுற்று. முதல் நாள் யமலிங்கம் தாண்டும்போது அவள் சட்டென்று நின்று என் கையைப் பிடித்தாள்.

"அக்கா. எட்டுப் பேர். எட்டு லிங்கம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து இந்த மலையைச் சுற்றுகிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாதையோரத்து லிங்கங்களை இந்திரன், அக்னி, யமன் என்று ஈசானியம் வரை சொல்லுவேன். ஆளுக்கொரு லிங்கத்தைக் கொடுத்துவிட்டால் எங்கே ஓடுவார்கள்?

கிழக்கே இந்திரலிங்கத்தில் சந்தேகக்காரர். அக்னியில், ஊரே கூடித் தள்ளிவைத்த ஹாலந்துக்காரர். யமலிங்கத்தில் இங்கிலாந்துக்காரர், பிறக்கும்போது மனசு ஒன்றுமே எழுதாத பலகை என்றவர். நிருதியில் ஸ்காட்லாந்துக்காரர். இதுவரை தினமும் நடந்தது என்பதற்காக நாளைக்கும் நடக்கும் என்று எப்படிச் சொல்லுவாய், எல்லாம் பழக்கம்தான் என்றவர். அங்கே ஒரு டீக்கடை. சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லி நான் கேட்பேன், கடைக்காரர் ஜாஸ்தியாகப் போடுவார், தவறாமல். நாளைக்கும் போடுவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று நாங்கள் இரண்டு பேரும் டம்ளரோடு சிரித்துக்கொண்டிருப்போம்.

வருணலிங்கம்தான் தகராறு. அது அடி அண்ணாமலைப் பக்கம். அங்கே இரண்டாவது பிரெஞ்சுக்காரரை உட்காரவைத்தோம். குழந்தையை அதன் போக்கில், மரம் செடி கொடி நடுவில் வளரவிடு என்று எழுதி, ஆசிரியர்கள் எல்லாரும் இன்றைக்கும் கொண்டாடுகிறவர். பெற்ற பிள்ளைகளைத் தானே அநாதை விடுதியில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். இதை நோட்ஸில் சொல்லவில்லை, புத்தகத்தில் பார்த்தோம்.

அவள் நடையை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. அவள் வாராவாரம் மலை சுற்றுவதைப் பார்த்து, தெருவே அது குழந்தைக்கான வேண்டுதல் என்று முடிவு கட்டியிருந்தது. பூக்காரம்மா கூட "நல்லது நடக்கும்மா" என்று ஒரு முழம் சேர்த்துக் கொடுத்தாள். பாஸாக வேண்டும் என்பதுதான் வேண்டுதல் என்று இவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

"இவருக்கு ஒரு லிங்கம் வேற கேடா அக்கா?" என்றாள்.

கண் நிறைந்திருந்தது. எனக்கு அந்த மனுஷனை அப்படியே ஏரியில் தள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவரை எடுத்துவிட்டால் வாயுலிங்கத்து நடக்கிற ஜெர்மன்காரர் ஓர் இடம் பின்னால் வந்துவிடுவார், எல்லாம் குழம்பும். "பாஸாகற வரைக்கும் கெடக்கட்டும், அப்புறம் காலி பண்ணிடலாம்" என்று சமாதானம் சொல்லி நடத்திக் கூட்டிப்போனேன்.

இதெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அவள் மாமியார் ஒருநாள் நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். வாயை மூடிக்கொண்டு நடந்தால் ஒரு காலை வீண். நாங்கள் பின்னால் தங்கி மெதுவாக ஒப்பித்தோம். மாமியார் காது பாம்புக் காது.

"யாருடி அந்த பிரெஞ்சுக்காரன்?"

மாமியாரே பதிலும் சொல்லிக்கொண்டார். "ஆசிரமத்துக்கு வந்திருக்கானா?"

"ஆமாம்மா" என்றாள் இவள், வேறு வழி தெரியாமல்.

திருவண்ணாமலையில் இது ஒரு விசேஷமே இல்லை. நான் யார், கடவுள் உண்டா, இந்த உலகம் நிஜமா என்று கேட்டுக்கொண்டு வெள்ளைக்காரர்கள் செங்கம் ரோட்டில் நடந்துகொண்டேதான் இருப்பார்கள். மாமியார் வீட்டுக்கே ரமணாசிரமத்துப் பக்கம் இரண்டு ரூம் இருந்தது, வாடகைக்கு விடுவார்கள். அதனால் அவர் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானதுதான்.

"எல்லாத்தையும் சந்தேகப்படறானா? அப்போ அட்வான்ஸ் குடுக்கச்சேயே தகராறு பண்ணுவான். எந்த ரூம்ல இருக்கான்?"

அன்றிலிருந்து அவர் எங்களை விடவில்லை. நடக்கிற ஜெர்மன்காரரை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தினமும் அதே நேரம், அதே தெரு, ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள் என்று சொன்னோம். "அவனுக்குக் கீழ் ரூமைக் குடுக்கலாம்" என்றார். ஹாலந்துக்காரரை ஊர் தள்ளிவைத்த கதைக்கு உச்சுக்கொட்டினார். பிள்ளைகளை விட்ட பிரெஞ்சுக்காரரைக் கேட்டதும் விபூதி பூசிய நெற்றி சுருங்கிவிட்டது. "அவன் நம்ம வாசப்படி ஏறப்படாது!" அன்றைக்கு என் தோழி மாமியாரைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பிரியம் இருந்தது.

அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: யாருக்கும் யாருக்கும் சண்டை, எதனால்? நாங்கள் கதை கட்ட முடியாது, புத்தகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும். எதையும் நம்ப முடியாதென்று ஸ்காட்லாந்துக்காரர் கிளப்பிவிட்டது நடக்கிற ஜெர்மன்காரர் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் கட்டிவைத்ததில் ஓட்டை கண்டுபிடித்து, குபேரலிங்கத்து நீட்டுகிற ஜெர்மன்காரர் நீட்டினார். அந்த நீட்டலில் ஊறி எழுந்து, இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு என்ன பிரயோஜனம், செய்து பார்த்தால்தானே படிப்பு என்று கடைசியாக ஈசானியத்து அமெரிக்கக்காரர் கேட்டார். இப்படிச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே அப்போதுதான் விஷயம் விளங்க ஆரம்பித்தது.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குள் பஸ் வராது, ஊருக்கு வெளியே எங்கெங்கோ இறக்கிவிடுவார்கள். தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த அம்மாவுக்கு அது தெரியாது. அவர் வருவதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. வந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, பாதத்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துக்கொண்டார். முகத்தைப் பார்த்ததும் எனக்கு பீஸ் கவுண்டர் ஃபேன் சத்தம் காதில் கேட்டது. பக்கத்தில் எங்கள் விரிவுரையாளர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

தோழியை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் முகம் பூவாக இருந்தது. "பேசிட்டேன் அக்கா! இந்திரலிங்கத்துலேர்ந்து அப்படியே நடந்துட்டேன்" என்றாள்.

நானும் தைரியமாகப் போய் நின்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் மொதல்ல இருந்தே ஒப்பிக்கறீங்க. நீங்க கடைசில இருந்து பின்னாடி வாங்க."

அமெரிக்கக்காரரைச் சொன்னேன், நன்றாகவே சொன்னேன்.

"இவருக்கு முன்னாடி?"

மனசுக்குள் ஈசானிய லிங்கத்தில் நிற்கிறேன். குபேரலிங்கம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, திரும்பினால் போதும். கால் திரும்பவில்லை. ஐயோ, எப்படித் திரும்பும்? இந்தப் பக்கத்தில் பிறந்தவள் எவளாவது மலையை இடப்பக்கமாகச் சுற்றியிருக்கிறாளா? செருப்பை மறந்துவிட்டு வந்தால் கூட அப்படியே முழுச் சுற்றுச் சுற்றி வந்துதான் எடுப்போம்.

அதனால் முழுச் சுற்றே சுற்றினேன். ஈசானியத்திலிருந்து முன்னால் போய், இந்திரன், அக்னி, யமன் என்று ஓட்டமும் நடையுமாகக் குபேரனைப் பிடித்தேன். "நீட்டு... மன்னிக்கணும் மேடம்" என்று நிறுத்தி, நிஜப்பெயரைச் சொன்னேன்.

"அவருக்கு முன்னாடி?"

திரும்பவும் ஒரு சுற்று. இந்தத் தடவை உதடு அசைந்தது, வேர்வை வழிந்தது.

"என்னம்மா முணுமுணுக்கறீங்க? மந்திரமா?"

"இல்லைங்க மேடம். மலை சுத்திக்கிட்டு இருக்கேன்."

விரிவுரையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லிங்கம், வெள்ளைக்காரர், ஆளுக்கொரு இடம். "எதிர்ச்சுத்து போக வராதுங்க மேடம். ஒரு ஆள் பின்னாடி போகணும்னா ஒரு தடவ முழுசா சுத்தணும்."

அந்த அம்மா மேசைக்கடியில் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார்.

"பஸ்ல இருந்து எறங்கி இந்த இடம் எங்கன்னு கேட்டேன். இடது பக்கம் கூப்பிடு தூரம்னாங்க. இடது பக்கம் ஒரு எட்டு வெக்கலாம்னா கூட்டம் விடல. 'எதிர்ல போகக்கூடாது, இப்படியே வாங்கம்மா, இப்படியே வாங்கம்மா'ன்னு மொத்த மலையையும் சுத்தவெச்சே கொண்டாந்து விட்டாங்க." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நீங்க சுத்துங்க. பொறுமையா சுத்துங்க. நான் எங்க போகப்போறேன், பஸ்ஸா இருக்குது?"

சுற்றினேன். வாயு, வருணன், நிருதி என்று ஒவ்வொருத்தராகப் பின்னால் போனேன், ஒவ்வொருத்தருக்கும் ஒரு முழு மலை. நடுவில் இவர் ஏன் அவரோடு சண்டை போட்டார் என்று கேட்டார். அது மாமியார் கேட்ட கேள்விதான், தடையில்லாமல் வந்தது. இந்திரலிங்கத்துச் சந்தேகக்காரரிடம் வந்து சேர்ந்தபோது நாக்கு வறண்டிருந்தது.

"சரி, கடைசி கேள்வி" என்றார் அந்த அம்மா. "இவங்கள எல்லாம் ஒரு டீச்சர் எதுக்குப் படிக்கணும்?"

இதற்கு லிங்கம் இல்லை. எட்டும் தீர்ந்துபோயிருந்தது. நோட்ஸில் ஏழெட்டுப் பயன்கள் எழுதியிருந்தோம், ஒன்றும் வரவில்லை. மனசுக்குள் மலையைத் தேடினால் மலையையே காணோம். எட்டாம் வகுப்புதான் தெரிந்தது, நான் இல்லாமல். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எட்டுப் பேருகிட்டயும் யாரோ ஒருத்தர் 'உக்காரு'ன்னு சொல்லியிருப்பாங்க மேடம். இவங்க உக்காரல. அது ஒண்ணுதான் எட்டுப் பேருக்கும் பொது."

சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது உறைத்தது. விரிவுரையாளர் முகம் சிவந்தது. கைக்குட்டை நின்றது. பாவம், பழக்கம் யாரை விட்டது.

"சரி சரி, உக்காரும்மா" என்றார்.

அந்த அம்மா பேனாவை எடுத்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னார். "வேணாம் சார். நிக்கட்டும்."

இரண்டு பேரும் தேறினோம். சொன்ன சொல் மாறாமல் வருணலிங்கத்தைக் காலி செய்துவிட்டோம், அங்கே இப்போது வருணன் மட்டும் இருக்கிறார். மாமியார்தான் விசாரித்துக்கொண்டே இருந்தார். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஊருக்குப் போயாச்சு என்று மருமகள் சொன்னதும், "அந்த நடக்கற ஜெர்மன்காரனாவது ஒரு வார்த்தை சொல்லிண்டு போயிருக்கலாம்" என்று வருத்தப்பட்டாராம். கீழ் ரூமை அவருக்காக ஒரு மாதம் காலியாகவே வைத்திருந்தார்கள்.

ஜூனில் எட்டாம் வகுப்பு எனக்கே கிடைத்தது. முதல் வாரம், பாடம் பாதியில் இருந்தது. கரஸ்பாண்டன்ட் வராண்டாவில் யாரோ பெற்றோருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து, மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், நீங்க சொல்றது கரெக்டுதானான்னு எப்படி மிஸ் தெரிஞ்சுக்கறது?"

வராண்டாவில் செருப்புச் சத்தம் நின்றது. எனக்கு போர்ஷன் முடியவில்லை. வாய் தானாக, "உக்..." என்று ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் பழக்கம்தானே, பாதி உட்கார்ந்தே விட்டாள்.

"நில்லு!" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. எங்கள் பள்ளியில் நிற்கச் சொன்னால் அது தண்டனை.

"நான் என்னா மிஸ் தப்பு பண்ணேன்?" என்றாள், அழப்போகிற குரலில்.

"ஒண்ணும் பண்ணல கண்ணு. நின்னுக்கிட்டே கேளு."